கலாபகோஸ் தீவுகளில் காட்டுயிர் காணும் பயணம்

கலாபகோஸ் தீவுகளில் காட்டுயிர் காணும் பயணம் என்பது, எக்குவடோர் நாட்டின் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,000 கி.மீ தொலைவில், பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ள எரிமலைத் தீவுக்கூட்டத்தின் விலங்குகளையும் பறவைகளையும் அவற்றின் வாழிடத்திலேயே காண்பதற்காக மேற்கொள்ளப்படும் சுற்றுலா ஆகும். இத்தீவுகள் எக்காலத்திலும் எந்தக் கண்டத்தோடும் இணைந்திருந்ததில்லை. நீந்தியும் மிதந்தும் பறந்தும் வந்து சேர்ந்த உயிரினங்கள் தீவுக்குத் தீவு வேறுபட்டு வளர்ந்தன. எனவே ஒரே பயணத்தில் அனைத்தையும் காண இயலாது. 1835 ஆம் ஆண்டில் ஐந்து வாரங்கள் இங்கிருந்த சார்லஸ் டார்வினே நான்கு தீவுகளில் மட்டும்தான் கரையிறங்கினார். எந்த உயிரினத்தைக் காண விரும்புகிறோம் என்பதை முடிவு செய்த பின்னரே மாதத்தையும் தீவையும் தெரிவு செய்தல் வேண்டும்.

பருவங்கள்

நிலநடுக்கோடு இத்தீவுகளின் ஊடாகச் செல்கிறது. எனினும் இங்கு பெங்குவின்கள் வாழ்கின்றன. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும், மேற்கிலிருந்து வந்து தீவுகளில் மோதி மேலெழும் ஆழ்நீரோட்டமுமே இதற்குக் காரணம். சனவரி முதல் மே வரை வெப்பமும் மழையும் மிகும். கடல் அமைதியாக இருக்கும். பச்சைக் கடலாமைகள் கரையேறி முட்டையிடும். சூன் முதல் நவம்பர் வரை குளிர்ந்த தூறலும் மூடுபனியும் நிலவும். கடல் கொந்தளிப்பாக இருந்தாலும் மீன்வளம் பெருகுவதால் கடற்பறவைகளைக் காண இதுவே சிறந்த காலம்.

எல் நீனோ ஆண்டுகளில் இக்கணக்கு பொய்த்துவிடும். கடல்நீர் வெப்பமடைந்து உணவு குன்றுவதால், 1982-83 எல் நீனோவின்போது பெங்குவின்களின் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கடற்பாசியை உண்டு வாழும் கடல் இகுவானாக்கள் பல மடிகின்றன; பிழைத்தவற்றின் உடல் நீளமே சுருங்குவதும் ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது.

தீவுகளின் தெரிவு

பறக்க இயலாத நீர்க்காகம் பெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் கரைகளில் மட்டுமே உண்டு. எஸ்பனோலா தீவில் பெருமளவில் கூடு கட்டும் அல்பட்ராஸ் இனத்தைக் காண விரும்புவோர் ஏப்ரல் முதல் திசம்பர் வரை செல்லலாம். எஞ்சிய மாதங்களில் அவை கடலிலேயே திரியும். செங்கால் பூபிகளுக்குப் பெயர்பெற்றது வடகிழக்கிலுள்ள செனோவேசா. பேராமைகளை சாந்தா குரூஸ் தீவின் மேட்டு நிலத்தில் எளிதாகக் காணலாம். வுல்ஃப் எரிமலையில் மட்டும் வாழும் இளஞ்சிவப்பு இகுவானாவைக் காணச் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

ஊரில் தங்கி நாள்தோறும் படகில் சென்று வருவது செலவு குறைந்த முறை. ஆனால் பெர்னாண்டினா, செனோவேசா போன்ற தொலைவான தீவுகளுக்குப் பொதுவாகக் கப்பலிலேயே இரவு தங்கிச் செல்ல வேண்டும். ஒரு கப்பல் பெரும்பாலான இடங்களுக்கு 14 நாட்களுக்குள் மீண்டும் செல்லக் கூடாது என்பது விதி. ஆகவே கப்பல்கள் ஒரு வாரம் ஒரு வழியும் மறு வாரம் வேறு வழியும் செல்கின்றன. கப்பலின் பெயரைவிட, அவ்வாரம் அது செல்லும் வழியே கவனிக்கத்தக்கது.

கட்டுப்பாடுகள்

தீவுகளின் நிலப்பரப்பில் சுமார் 97 விழுக்காடு, 1959 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியுடனேயே செல்ல வேண்டும். விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் விலகி நிற்றல் வேண்டும். மனிதரைக் கண்டு அஞ்சாத இவ்விலங்குகள் தாமாக விலகுவதில்லை என்பதால், விலகும் பொறுப்பு பயணியுடையதே. பயணப்பைகளில் விதை, பழம், மண் உள்ளனவா எனச் சோதிக்கப்படும். இது வெறும் சடங்கன்று: வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஓர் ஈ இனத்தின் புழுக்கள் கூடுகளில் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சிக் கொல்வதால், சதுப்புநிலக் காடுகளில் வாழும் டார்வின் குருவி இனம் அழிவின் விளிம்பில் உள்ளது.

பெரும்பாலான வெளிநாட்டவருக்கான நுழைவுக்கட்டணம் 2024 ஆகஸ்ட் 1 முதல் 100 அமெரிக்க டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது சில இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. இத்தகைய வேளைகளில் கப்பலின் வழி கடைசி நேரத்திலும் மாற்றப்படலாம்.