முந்திரிக்கும் ஒரு வாய் தண்ணீர்
உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி பெரும்பாலும் மழையை நம்பியே காய்க்கிறது. வறட்சி தாங்கும் மரம்தான். ஆனாலும் பூவும் பிஞ்சுமாக நிற்கும் ஜனவரி முதல் மார்ச் வரை, 15 நாளுக்கு ஒருமுறை மரத்துக்கு 200 லிட்டர் கொடுத்தால் மகசூல் நன்றாகக் கூடும் என்கிறது கர்நாடகத்தின் புத்தூரில் உள்ள முந்திரி ஆராய்ச்சி இயக்குநரகம். அடிமரத்தை ஒட்டி ஊற்றாதீர்கள். தண்ணீர் உறிஞ்சும் வேர்கள் கிளை நிழலின் ஓரம் வரை பரவியிருக்கும். சொட்டுநீர் போட்டால் சொட்டுவான்களையும் அடிமரத்திலிருந்து தள்ளியே வையுங்கள். உதிர்ந்த சருகை எரிப்பது பெரிய இழப்பு, அங்கேயே மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும். சொட்டுநீர் அமைக்க, அரசு நிர்ணயித்த விலைக்குள், சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சிட்டா, அடங்கலோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.