ஓசை இன்பமும் பொருள் உண்மையும்

ஆங்கிலம் பயில்வோர் அரிய சொல்லொன்றைக் கண்டால் அகராதியைப் புரட்டித் தெளிவு பெறுவர். ஆயின், அம்மொழியாளர் ஓசை ஒத்துவர இரண்டிரண்டாக அடுக்கிக் கூறும் தொடர்கள் எதிர்ப்படும்போது, தனித்தனிச் சொல்லாகப் பொருள் தேடுவோர் திகைத்து நிற்பர். நம் செய்யுளில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. ஆங்கிலச் செய்யுளிலோ இறுதி ஓசை ஒன்றிவரும். அது நம்முடைய இயைபுத் தொடைக்கு நெருங்கியது. இவ்வோசை ஒற்றுமை பாட்டோடு நின்றுவிடாது பேச்சிலும் புகுந்து எண்ணற்ற தொடர்களைத் தோற்றுவித்திருக்கின்றது.

அவற்றுட் சில வெறும் ஓசைக்காகவே பிறந்தவை. 'ஹெல்ரர்-ஸ்கெல்ரர்' என்பது ஒழுங்கின்றி விரைந்தோடுதலைக் குறிக்கும். இதன் பகுதிகளைப் பிரித்துப் பொருள் காண முயல்வது வீண். நாமும் 'அரக்கப் பரக்க ஓடினான்' என்கின்றோம். 'அக்கம் பக்கம் பார்த்தான்' என்கின்றோம். அக்கம் என்பதன் பொருள் யாதென எவரும் வினவுவதில்லை அன்றோ?

வேறு சில, வழக்கொழிந்த பழஞ்சொற்களைத் தம்முள் அடக்கிக் காப்பவை. 'வில்லி-நில்லி' என்பதில் வில் என்பது விரும்புதல். நில் என்பது விரும்பாமை. விரும்பினும் விரும்பாவிடினும் நடந்தே தீரும் என்பது இதன் பொருள். செகப்பிரியரின் 'ஹம்லெற்' நாடகத்தில் சவக்குழி தோண்டுவோன் இத்தொடரின் பழைய வடிவத்தை எடுத்தாள்கின்றான். 'ஹொப்-நொப்' என்பதும் இத்தகையதே. உடைமையையும் இன்மையையும் குறித்த பழஞ்சொற்களிலிருந்து தோன்றிய இத்தொடர், காலப்போக்கில் ஒருவர்க்கொருவர் நலங்கூறி மது அருந்துதலைக் குறித்துப் பின்னர் நெருங்கிப் பழகுதல் என்னும் பொருளை அடைந்தது.

ஒரு மனிதரின் பெயரையே ஏளனச் சொல்லாக்கிய தொடரும் உண்டு. அம்புரோஸ் பிலிப்ஸ் என்னும் புலவர் (1674–1749) பிரபுக்களின் குழந்தைகளைப் புகழ்ந்து மழலை நடையிற் செய்யுள் இயற்றினார். ஹென்றி கேரி என்பவர் அதனை எள்ளி நகையாடி, அம்புரோஸ் என்ற பெயரைக் குழந்தை மொழியாகத் திரித்து, 1725இல் 'நம்பி-பம்பி' எனும் பாட்டை வெளியிட்டார். தமிழில் நம்பி என்றால் ஆடவருட் சிறந்தோன். ஆங்கில நம்பியோ உறுதியற்றவன், தளர்ந்தவன்! புலவரின் பாடல்களை இன்று படிப்போர் மிகச் சிலர். வசைப்பெயர் மாத்திரம் வாழ்கின்றது.

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த எளிய மக்கள் இவ்வோசை விளையாட்டை ஒரு மறைமொழியாகவே வளர்த்தனர். 1859இல் ஜோன் கம்டன் ஹொற்றன் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியில் இம்மொழி இடம்பெற்றுள்ளது. படிக்கட்டை அவர்கள் 'அப்பிள்ஸ் அன்ட் பெயர்ஸ்' என்பர். பெயர்ஸ் என்பது ஸ்ரெயர்ஸ் என்பதோடு ஓசை ஒத்தலே காரணம். 'லோஃப் ஒஃப் பிரெட்' என்னும் பாண், தலையைக் குறிக்கும் ஹெட் என்ற சொல்லோடு இயைவதால் தலையாயிற்று. பின்னர் ஓசை ஒத்த பிரெட் என்ற சொல்லே விடுபட்டுப் போகவும், 'உன் லோஃபைப் பயன்படுத்து' என்பது 'மூளையைப் பயன்படுத்து' என்னும் பொருளில் வழங்கலாயிற்று. திறவுகோலை இழந்த பூட்டுப் போன்றது இது; வரலாறு அறியாதார்க்குத் திறவாது.

வாழ்க்கைக்கு நேரே பயன்படும் தொடர் ஒன்றையும் கூறுதல் வேண்டும். வீட்டு வாடகை உடன்படிக்கைகளில் 'வெயர் அன்ட் ரெயர்' என வரும். தக்க முறையில் பயன்படுத்தியும் காலத்தால் இயல்பாக நேரும் தேய்வே அது. இத்தேய்வு விலக்கப்பட்டுள்ளதாக உடன்படிக்கை கூறுமாயின், மங்கிய வண்ணத்துக்காகக் குடியிருப்போர் ஈடு செய்ய வேண்டியதில்லை. பொருள் அறியாது ஒப்பமிடுவோர் தமக்குரிய காப்பை அறியாதவராவர்.

இனி, ஓசையின் வேறொரு வல்லமையையும் நோக்குவோம். 1995இல் அமெரிக்காவில் ஓ. ஜே. சிம்சன் மீது நடைபெற்ற கொலை வழக்கில், கையுறை அவருக்குப் பொருந்தவில்லை என்பதைச் சுட்டிய வழக்கறிஞர் ஜோனி கொக்கிரன், 'பொருந்தாவிடின் விடுவிக்க வேண்டும்' என்ற கருத்தை ஃபிற், அக்குவிற் என்னும் இயைபுச் சொற்களால் யூரிமாரிடம் எடுத்துரைத்தார். சிம்சன் விடுதலையானார். தீர்ப்புக்கு அவ்வோசைதான் காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் அவ்வழக்கில் பலரும் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியத்தையே.

2000ஆம் ஆண்டில் மக்குளோன் என்னும் உளவியலாளரும் அவர்தம் துணை ஆய்வாளரும் இதனை ஆராய்ந்தனர். துன்பம் பகைவரை ஒன்றுசேர்க்கும் என்ற ஒரே கருத்தை வோஸ், ஃபோஸ் என ஓசை ஒத்த சொற்களாலும், ஓசை ஒவ்வாத சொற்களாலும் அமைத்துக் காட்டினர். இவ்வாறு பல பழமொழிகளை வைத்து வினவியபோது, ஓசை ஒத்த வடிவங்களையே மக்கள் கூடுதல் உண்மையுடையனவாக மதித்தனர். சொல்லழகு வேறு, கருத்து வேறு எனப் பகுத்து நோக்குமாறு முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டபோது அம்மயக்கம் குறைந்தது.

ஆகவே, பிள்ளைகளுக்கு இத்தொடர்களைக் கற்பிப்போர் இரு பழக்கங்களை ஒருங்கே ஊட்டுதல் நன்று. ஓசையைச் செவியாரச் சுவைத்தல் ஒன்று. அதே கருத்தை ஓசையற்ற எளிய சொற்களில் மாற்றியுரைத்து, அது அப்போதும் மெய்யாக நிற்கின்றதா எனச் சோதித்தல் மற்றொன்று. விளம்பரமும் மேடை முழக்கமும் மலிந்த இந்நாளில், பின்னைய பழக்கம் ஆங்கிலப் பாடத்துக்கு மாத்திரமன்றித் தமிழுக்கும் வேண்டுவதேயாம்.