15 வயசானா ‘குட்டி யானை’ காயலான் கடைக்குத்தானா?

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் இருக்கிறது குள்ளஞ்சாவடி. சுற்றிலும் செம்மண், முந்திரித் தோப்பு, பலா மரங்கள். தோப்புக்குள் போகும் மண் பாதையில் லாரி நுழையாது. பைக்கில் லோடு அடங்காது. அங்கே கைகொடுப்பவை பிக்கப் வண்டிகள்தான். அதிலும் டியூ முடிந்த பழைய வண்டிக்குத் தனி மவுசு. ஆனால் அதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயமும் உண்டு: ‘15 வருஷம் ஆயிட்டா வண்டியை உடைச்சிடணுமாமே?’

அப்படி ஒரு சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறதா? பழைய பிக்கப் வைத்திருப்பது லாபமா, தலைவலியா?

முக்கால் டன் யானை

அப்போது டெல்கோ என்று அழைக்கப்பட்ட டாடா மோட்டார்ஸ், 1988-ல் ‘டாடாமொபைல்’ பிக்கப்பைக் கொண்டுவந்தது. பிறகு 207 வண்டிகள் ஊர் ஊராக ஓடின. 2005 மே மாதம் வந்த ‘டாடா ஏஸ்’தான் ஆட்டத்தையே மாற்றியது. 702 சிசி, இரண்டே சிலிண்டர் டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. அளவில் சின்னது, வேலையில் பெரியது. அதனால் நம்ம ஊரில் அது ‘குட்டி யானை’ ஆனது. அந்த முதல் வண்டிகள் இப்போது 20 வயதைத் தாண்டிவிட்டன.

பழசு ஏன் பிடிக்கிறது?

முதல் காரணம் கணக்கு. பலா, முந்திரி எல்லாம் சீசன் தொழில். சீசன் முடிந்தால் வண்டி நிற்கும்; ஆனால் டியூ நிற்காது. கடன் அடைந்த வண்டி இரண்டு மாதம் சும்மா நின்றாலும் ஃபைனான்ஸ்காரர் வாசலுக்கு வரமாட்டார்.

இரண்டாவது காரணம் மெக்கானிக். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, புது டீசல் வண்டிகளில் சென்சாரும் புகை வடிகட்டும் அமைப்பும் கூடிவிட்டன. கோளாறைக் கண்டுபிடிக்கவே ஸ்கேனர் வேண்டும். பழைய வண்டியில் பெரும்பாலான வேலையை ஊர் ஒர்க்‌ஷாப்பிலேயே ஸ்பேனரை வைத்து முடித்துவிடலாம்.

அதற்கு விலையும் உண்டு. பழைய இன்ஜின் புகை அதிகம் விடும். ஏர்பேக், ஏபிஎஸ் போன்ற பாதுகாப்பு வசதிகளை அதில் எதிர்பார்க்க முடியாது.

15 வருஷக் கதை என்ன?

குழப்பம் தொடங்கியது டெல்லியில். அங்கும் சுற்றுவட்டாரத்திலும் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. 15 வயது தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அது அரசு வண்டிகளுக்கு மட்டும்.

நம்ம ஊர் தனியார் சரக்கு வண்டியின் ஆயுளை முடிவு செய்வது எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று. முதல் 8 வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம் எடுக்க வேண்டும். எஃப்.சி. இல்லாவிட்டால் ஆர்.சி. இருந்தும் பயனில்லை, விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். திரும்பத் திரும்பத் தேறாத வண்டிதான் ‘ஆயுள் முடிந்த வாகனம்’ ஆகும். ஒன்றை மறக்க வேண்டாம்: வயசு ஏற ஏற எஃப்.சி. கட்டணமும் ஏறும். பசுமை வரியும் சேரும்.

வாங்கப் போறீங்களா?

* சேஸிஸ்: குனிந்து அடியில் பாருங்கள். கடலூர் பக்கம் மீன் லோடு அடித்த வண்டி என்றால் உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றிருக்கும். மேலே புது பெயிண்ட் இருந்தால் இன்னும் உஷார்.
* ஆர்.சி.: பழைய கடன் குறிப்பு (ஹெச்.பி.) நீக்கப்பட்டிருக்கிறதா? வரி, எஃப்.சி., இன்சூரன்ஸ் நிலவரத்தை ‘பரிவாகன்’ தளத்தில் பார்க்கலாம்.
* இன்ஜின்: காலையில் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பெரிய செலவு காத்திருக்கிறது.
* லைசென்ஸ்: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.
* ஆட்கள்: தோட்ட வேலைக்கு ஆட்களைப் பின்னால் ஏற்றிப் போவது சட்டப்படி தவறு. கவிழ்ந்தால் உயிருக்கே ஆபத்து.

‘விண்டேஜ்’ ஆகுமா?

50 வயது தாண்டிய வாகனங்களுக்கு விண்டேஜ் பதிவு தரும் விதி 2021-ல் வந்தது. ஆனால் அப்படிப் பதிவான வண்டியை வணிகத்துக்கு ஓட்டக் கூடாது. குட்டி யானைக்கு அந்த கௌரவம் ஒத்துவராது. அதன் பிழைப்பே லோடுதான்.

அப்பா ஓட்டிய வண்டி இன்னமும் வீட்டு வாசலில் நிற்கிறதா? அடுத்த எஃப்.சி.க்கு முன் நல்ல மெக்கானிக்கிடம் காட்டி, ஆகும் செலவை எழுதிப் பாருங்கள். ஒரு சீசன் வருமானத்தில் அது அடங்கினால் வைத்துக்கொள்ளலாம். அடங்காவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட அழிப்பு மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். புது வண்டி எடுக்கும்போது பதிவுக் கட்டணம் மிச்சமாகும். ஆர்.சி.யை ரத்து செய்யாமல் காயலான் கடையில் போட்டுவிட்டு வந்தால், வண்டி போன பிறகும் அதன் வம்பு உங்கள் பெயரிலேயே இருக்கும்.