மனம் ஒன்றாத தொழிற்பயிற்சி

ஐ.டி.ஐ. படிப்பை முடித்த மகனுக்கு ஒரு தொழிற்சாலையில் பழகுநர் பயிற்சி கிடைத்துவிட்டால் வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவிராது. மூன்று மாதங்கள் சென்றதும் அதே மகன் முகம் வாடித் திரும்புகிறான். "இயந்திரத்தைத் தொட விடுவதில்லை; ஸ்டோர்ஸில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறேன். இதற்கா படித்தேன்?" என்கிறான். தாய், "வந்துவிடு, ராசா" என்கிறாள். தந்தையோ, "நாங்கள் படாத பாடா? பொறுத்துக்கொள்" என்கிறார். இருவரும் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். அவனுடைய குறை எத்தகையது என்பதை முதலில் கேட்டறிய வேண்டாமா?

சலிப்பு வேறு, அநீதி வேறு. அடியையும், இழிசொல்லையும், பாதுகாப்பின்றிச் செய்யச் சொல்லும் ஆபத்தான வேலையையும் பொறுத்துப்போவது புண்ணியம் ஆகாது. புனித தொன்போஸ்கோ 1852ஆம் ஆண்டு தூரின் நகரில், தம் பாதுகாப்பில் இருந்த ஒரு சிறுவனுக்காகத் தச்சுப் பட்டறை முதலாளியோடு ஒப்பந்தம் எழுதினார். சிறுவனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். தொழிலுக்குத் தொடர்பில்லாத ஏவல்களுக்கு அவனைப் பயன்படுத்தலாகாது. திருநாள்களில் அவனுக்கு ஓய்வு தரவேண்டும் என்பவை அதன் விதிகளுள் சில. வேலை அவன் மனத்துக்குப் பிடித்ததாய் இருக்கவேண்டும் என்று மட்டும் அவர் கேட்கவில்லை!

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் ஒப்பந்தத்தையே அடிப்படையாகக் கொண்டது. பழகுநரைத் தொழிலாளராக அது கருதுவதில்லை. ஆயினும் உடல்நல, பாதுகாப்பு விதிகள் அவருக்கும் உண்டு. ஒப்பந்தம் பற்றிய பிணக்கைத் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் கொண்டு செல்லலாம். தக்க காரணமின்றி இடையில் விட்டு வந்தாலோ, பயிற்சிச் செலவைத் திருப்பிச் செலுத்த நேரிடலாம். கையெழுத்திடும் நாளில் இவற்றைப் படிப்பவர் மிகச் சிலரே.

இனி, சலிப்பைப் பார்ப்போம். பிட்டர் தொழில் பயின்ற இளைஞர் ஒருவரை நான் அறிவேன். அவரை உதிரிப்பாகக் கிடங்கில் அமர்த்தினார்கள். சில வாரங்கள் மனம் நொந்திருந்தவர், பேரிங் பெட்டிகளின் எண்களைக் கவனிக்கத் தொடங்கினார். 6205 என்று இருந்தால், கடைசி இரண்டு இலக்கங்களை 5ஆல் பெருக்க வேண்டும். உட்துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர். 6208 எனில் 40. (04 முதற்கொண்டு இக்கணக்குப் பொருந்தும்.) பின்னர் எந்த இயந்திரத்துக்கு எந்தப் பேரிங் எத்தனை முறை வாங்கப்படுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவந்தார். ஒரே இயந்திரம் அடுத்தடுத்து ஒரே பேரிங்கைக் கேட்டால், அங்கே கிரீஸ் போதவில்லை, அல்லது தண்டு நேராக இணைக்கப்படவில்லை என்று சந்தேகிக்கலாமன்றோ? மருத்துவமனையில் நோயாளியின் குறிப்பேடு எப்படியோ, அப்படியே தொழிற்சாலைக்கு அந்த ஸ்டோர்ஸ் பதிவேடு. அந்நோட்டோடு அவர் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளரிடம் சென்று, பேரிங் கழற்றும்போது உடன் நின்று பார்க்க அனுமதி கேட்டார், கிடைத்தது. கிடங்கு வேலை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவேயில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்கும் முறை ஒன்று உண்டு. "எனக்கு ஒன்றும் கற்றுத் தருவதில்லை" என்பது முறையீடு. அதற்கு எந்த மேற்பார்வையாளரும் முகம் கொடுக்கமாட்டார். "என் பாடத்திட்டத்தில் கடைசல் வேலை இருக்கிறது, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் அந்தப் பிரிவில் நிற்கலாமா, ஐயா?" என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும். இறுதியில் தேர்வெழுதித் தேசியச் சான்றிதழ் பெறவேண்டியவர் அப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கச் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே, "வேலை நிரந்தரமாகுமா?" என்று ஞாயிறுதோறும் கேட்டால் மகன் என்ன சொல்வான்? இந்த வாரம் எந்த இயந்திரம் பழுதுபட்டது என்று கேட்டுப் பாருங்கள்.