சீன வலைக் கரையில் ஒரு மீன் விருந்து

விடுமுறைக்குக் குடும்பமாகக் கேரளம் செல்லும் அன்பான வாசகர்கள் பலர், எர்ணாகுளத்தில் படகேறி ஃபோர்ட் கொச்சிக்குச் செல்லாமல் திரும்புவதில்லை. அங்கே சீன வலைகளின் அருகிலேயே சிறு மீன்கடைகள் உண்டு. "மீனை நீங்கள் வாங்குங்கள், நாங்கள் சமைத்துத் தருகிறோம்" என்று அழைக்கும் உணவகங்களும் உண்டு. சென்ற ஆண்டு பெங்களூரிலிருந்து நாங்களும் சென்றோம்.

தேக்கு, மூங்கில் கழிகளில் கட்டிய பெரிய வலையை நீரில் இறக்கிச் சில நிமிடங்கள் காத்திருக்கின்றனர். பின்பு, கற்கள் தொங்கும் கயிறுகளைப் பலர் சேர்ந்திழுத்து உயர்த்துகின்றனர். சீன வணிகர் கொண்டுவந்த வலை என்பர் சிலர். மக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தனர் என்பர் வேறு சிலர். எவர் கொண்டுவந்தாலென்ன, நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் ஏறியவை ஒரு கூடையையும் நிரப்பாத சிறு மீன்களே! கடைகளிலோ வஞ்சிரமும் பெரிய இறாலும் குவிந்திருந்தன. அத்தகைய மீன்கள் பெரும்பாலும் தோப்பும்படி போன்ற மீன்பிடித் துறைமுகங்களிலிருந்து வருபவை. அதில் குற்றமில்லை. "இப்போதுதான் வலையில் ஏறியது" என்ற சொல்லுக்கு விலை கொடுப்பதே வீண்.

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த என் மாமியார் அச்சொல்லுக்குச் செவிகொடுக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தார், சிவப்பு மங்கியிருந்தது. விரலால் அழுத்தினார், பள்ளம் அப்படியே நின்றது.

"மாப்பிள்ளை, இது பிடித்து எத்தனை நாளோ, வேண்டாம்" என்றார்.

மூன்றாவது கடையில்தான் கண் தெளிந்த நான்கு கரிமீன்கள் அவருக்குத் திருப்தி தந்தன. மசாலா தடவி, வாழையிலையில் பொதிந்து சுட்டுத் தந்தார்கள். இலையைப் பிரித்தபோது எழுந்த மணம் பயணக் களைப்பை மறக்கச் செய்தது. பிள்ளைகள் முள்ளையும் விடவில்லை.

பில் வந்தபோதுதான் எங்கள் பிழை புரிந்தது. சமையல் கூலியை நாங்கள் முன்னதாகக் கேட்கவில்லை. அது ஏறக்குறைய மீன் விலைக்கு ஈடாக இருந்தது. சோறும் வரியும் தனி. திரும்பும் வழிக்கென வைத்திருந்த பணத்தில் கைவைக்க நேர்ந்தது. மீனைக் கண்முன் நிறுக்கச் செய்து, சமையல் கூலி கிலோவுக்கா, உருப்படிக்கா, அந்த எடை சுத்தம் செய்யுமுன்னா பின்னா என்பதை அடுப்பு ஏறுமுன்னே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கேரளத்தில் ஜூன் இரண்டாம் வாரம் முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. அந்நாட்களில் செல்வோர் பெரிய கடல்மீனைத் தேடி அலையாமல், உப்பங்கழியில் வளரும் கரிமீனையே கேட்கலாம்.