கட்டளை வரியும் தமிழ் எழுத்தும்

கணிப்பொறிக்கு ஒரு பணியை ஏவுவோர், திரையில் ஒரு வரியை எழுதி ஏவுதலும் உண்டு. அவ்வரியின் முதற்கண் நிற்பது நிரலின் பெயர். அடுத்து நிற்பன அந்நிரல் எவ்வாறு தொழிற்பட வேண்டும் என்று சுட்டும் தெரிவுகள். இறுதியில் நிற்பன அது படிக்க வேண்டிய கோப்புகளின் பெயர்கள். இவ்வரியை ஆராய்ந்து, இன்னது தெரிவு, இன்னது அதன் மதிப்பு, இன்னது கோப்பு எனத் துணியும் நிரற்பகுதியைப் பகுப்பி என்பர். தம் ஆய்வுக்கு வேண்டிய நிரல்களைத் தாமே எழுதிக்கொள்ளும் தமிழாய்வாளர், அவற்றிற்குத் தமிழிலேயே கட்டளையிட விரும்புவராயின், பகுப்பியை யாங்ஙனம் அமைத்தல் வேண்டும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஓர் எடுத்துக்காட்டு

1996-இல் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிந்த தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்களைத் தொகுக்கப் புகும் மாணவர் ஒருவரைக் கருதுவோம். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி எனப் பட்டி ஈறு பெற்றன பல. கூடலூர், சின்னமனூர் என ஊர் ஈறு பெற்றனவும், உத்தமபாளையம் எனப் பாளையம் ஈறு பெற்றனவும் உள. இவற்றை ஈறு நோக்கி வகைப்படுத்தும் நிரலுக்கு 'ஊரடைவு' என்று பெயரிட்டுக்கொள்வோம். அதனை ஏவும் வரி பின்வருமாறு அமையலாம்:

ஊரடைவு -அஎ -ஈ பட்டி -கோ விடை ஊர்கள்

இதன்கண் 'அ' என்பது அகர வரிசையில் அடுக்குக என்றும், 'எ' என்பது எண்ணிக்கை தருக என்றும் பொருள்படும். 'ஈ' என்பது ஈற்றைக் குறித்துப் 'பட்டி' என்னும் மதிப்பை வேண்டி நிற்கும். 'கோ' என்பது விடையை எழுதவேண்டிய கோப்பின் பெயரை வேண்டி நிற்கும். 'ஊர்கள்' என்பது படிக்கப்படும் கோப்பு. இவற்றொடு, கோப்பின் எத்தனையாம் களத்தில் ஊர்ப்பெயர் உளது என்று சுட்ட, எண்ணை மதிப்பாக வேண்டும் 'க' என்னும் தெரிவும் உண்டு எனக் கொள்க.

2. ஆயத்த நிரலகங்கள் போதாமை

தெரிவுகளைப் பகுக்க ஆயத்தமான நிரலகங்கள் உள்ளபோது புதிதாக ஒன்று எழுதுவது வீண்முயற்சி அன்றோ எனின், அவ்வினா தக்கதே. யூனிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்த கெட்ஆப்ட் என்னும் பகுப்பியை ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1985-இல் யாவரும் பயன்கொள்ளுமாறு வெளியிட்டது. அதன் நெறிகளையே போசிக்ஸ் தரநூலும் தழுவிச் செல்கின்றது. ஆயின் அத்தரநூல், குறுந்தெரிவு ஒவ்வொன்றும் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவான அடிப்படை எழுத்துத் தொகுதியைச் சார்ந்த ஓர் எழுத்தாகவோ எண்ணாகவோ இருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. தமிழெழுத்து எதுவும் அத்தொகுதியுள் அடங்காது.

ஒருங்குறியின் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1992-இல் கென் தாம்சனும் இராபு பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் தமிழெழுத்துக் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகின்றது. கெட்ஆப்ட்டோ ஒரு பைட்டையே ஓர் எழுத்தாகக் கொள்வது. எனவே '-அ' என்பது அதற்கு ஒரு தெரிவன்று, மூன்று தெரிவுகள். தமிழெழுத்துக் குறியெண்கள் அனைத்திற்கும் முதற் பைட்டு ஒன்றே ஆதலின், அகரத்தையும் ஈகாரத்தையும் முதற் பைட்டால் வேறுபடுத்தவும் இயலாது.

பைத்தான் முதலிய பிற்கால மொழிகள் சரத்தைப் பைட்டால் அன்றிக் குறியெண்ணால் அளக்கின்றன. ஆண்டு '-அ' தவறின்றிப் பகுக்கப்படும். ஆயினும் இடர் முற்றும் நீங்கிற்றில்லை. 'கோ' என்னும் ஓரெழுத்து, ஒருங்குறியில் ககரக் குறியெண்ணும் ஓகாரக் குறியின் குறியெண்ணும் ஆகிய இரண்டாலானது. ஆகவே '-கோ விடை' என்பதைக் குறியெண்வழிப் பகுக்கும் நிரல், முதலில் 'க' என்னும் தெரிவைக் காணும். அது மதிப்பு வேண்டுவது ஆதலின், எஞ்சிய ஓகாரக் குறியையே அதன் மதிப்பாகக் கொள்ளும். பின்னர் 'விடை' என்பதைப் படிக்கவேண்டிய கோப்பு எனக் கருதும். களத்தின் மதிப்பு எண்தானா என்று சோதிக்கும் விதி இல்லையாயின், பிழைச்செய்தி யாதும் எழாது. முன்னொரு நாள் எழுதிய 'விடை' என்னும் கோப்பு அங்கே இருப்பின், அதிலுள்ள ஊர்ப்பெயர்களும் கணக்கில் சேரும். பட்டி ஈற்று ஊர்கள் இருமடங்காகத் தோன்றவும் கூடும். அவ்வெண்ணிக்கையை நம்பி எழுதப்படும் முடிவு பிழைபட்ட முடிபேயாகும். நிரல் நின்றுபோதலினும், நில்லாது பிழை தருதலே ஆய்வுக்குப் பெருங்கேடு.

3. எழுத்தை வரையறுத்தல்

தொல்காப்பியம் எழுத்தை முதற்கண்ணும் சொல்லை அதன் பின்னும் வைத்து உணர்த்துகின்றது. பகுப்பி எழுதுவாரும் அம்முறையே மேற்கொள்ளல் வேண்டும்.

முதற்பணி சீராக்கம். 'கோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் ஆகிய இரு குறியெண்களாகவும் எழுதலாம். ஒருங்குறி இவ்விரண்டையும் நிகரானவை என்றே கூறுகின்றது. ஆயினும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவை பொறிக்கு வெவ்வேறு. ஆகலின் வரி முழுவதையும் முதலில் சேர்ப்புவடிவுக்குச் சீராக்கிக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் பணி எழுத்துப் பிரிப்பு. உயிரோ, ஆய்தமோ, மெய்க்குரிய ககர முதலிய குறியெண்ணோ வந்தால் புதிய எழுத்துத் தொடங்கிற்று என்க. அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ ஆயின், அதனை முன்னின்ற எழுத்தோடு சேர்க்க. இவ்விதியால் 'பட்டி' என்பது ஐந்து குறியெண்களாயினும் ப, ட், டி என மூன்றெழுத்தாகவே பிரியும். 'கோ' ஓரெழுத்தாகவே நிற்கும்.

நெடுந்தெரிவுக்கும் இவ்வரையறை வேண்டும். இரு சிறுகோடுகளைப் பெற்று '--கோப்பு' என வருவதைச் சுருக்கி எழுதுவதற்கு நிரலகங்கள் பல இடந்தருகின்றன. முதற்பகுதி பொருந்தினால் போதும். பைட்டாலோ குறியெண்ணாலோ ஒப்பிடும் நிரலகம் '--க' என்பதையும் '--கோப்பு' என்பதன் சுருக்கமாகக் கொள்ளும். தமிழறிந்தார்க்குக் 'கோப்பு' என்பதன் முதலெழுத்து 'கோ'வேயன்றிக் 'க' அன்று.

4. அவாய்நிலை, தகுதி, அண்மை

எழுத்துப் பிரிந்தபின், சொற்கள் தம்முள் இயையுமாறு காண்டல் வேண்டும். சொற்கள் தொடராகிப் பொருளுணர்த்துதற்கு அவாய்நிலை, தகுதி, அண்மை என்னும் மூன்றும் வேண்டும் என்பது இலக்கண மரபு. கட்டளை வரிக்கும் இம்மூன்றும் பொருந்துதல் கருதற்குரியது.

அவாய்நிலையாவது, ஒரு தெரிவு தனக்கு மதிப்பை வேண்டி நிற்றல். '-அஎ' என்பதில் அகரம் எதனையும் அவாவாமையின், எகரம் வேறொரு தெரிவாயிற்று. '-ஈபட்டி' என்று சேர்த்து எழுதினால், ஈகாரம் மதிப்பை அவாவுதலின், எஞ்சிய மூன்றெழுத்தும் அதன் மதிப்பாயின. ஆகவே எத்தெரிவு அவாவும், எது அவாவாது என்னும் அட்டவணை பகுப்பிக்கு முன்னரே தரப்படுதல் வேண்டும்.

அண்மையாவது, அவாவப்பட்ட மதிப்பு அத்தெரிவை ஒட்டியோ அதற்கு அடுத்த சொல்லாகவோ நிற்றல். '-ஈ -அ' என வரின் '-அ' மதிப்போ, மற்றொரு தெரிவோ என்னும் ஐயம் எழும். கெட்ஆப்ட் அதனை மதிப்பெனவே கொள்ளும். பைத்தானின் ஆர்க்பார்ஸ் மதிப்பைக் காணவில்லை என்று பிழை கூறும். இரண்டும் கொள்ளத்தக்கனவே, யாதானும் ஒன்றைத் துணிந்து நிரலின் விளக்கத்தில் எழுதிவைத்தல் இன்றியமையாதது. சொற்களைப் பிரிப்பது பகுப்பி அன்று, அதற்கு முன் நிற்கும் ஷெல் என்பதையும் மறத்தலாகாது. 'லோயர் கேம்ப்' என்னும் ஊர்ப்பெயரை மேற்கோட்குறியின்றி எழுதினால், அது இரு சொற்களாகவே பகுப்பியை வந்தடையும்.

தகுதியாவது, வந்த மதிப்பு அத்தெரிவுக்கு ஏற்றதாதல். 'க' எண்ணையே ஏற்கும். பிறிது வரின் நிரல் நிற்றல் வேண்டும். முன்னர்க் கூறிய பெரும்பிழையை இவ்வொரு விதியே தடுத்திருக்கும்.

5. பகுக்கும் முறை

இனி விதிகளைத் தொகுத்துக் கூறுவோம். சீராக்கிய சொற்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக நோக்குக. தெரிவு ஒன்றின் மதிப்பாகக் கொள்ளப்பட்ட சொல்லை மீண்டும் பகுத்தல் கூடாது. இரு சிறுகோடுகள் மட்டும் தனித்து நின்றால், அதன்பின் வருவன யாவும் கோப்புப் பெயர்களே. சிறுகோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்பைச் சுட்ட இதுவே வழி. இரு சிறுகோடுகளோடு பெயரும் வந்தால் நெடுந்தெரிவு. அதன்பின் சமக்குறி வரின் எஞ்சியது மதிப்பு. ஒரு சிறுகோட்டோடு எழுத்துகள் வந்தால் குறுந்தெரிவு; எழுத்தெழுத்தாகப் பிரித்து அட்டவணையோடு ஒப்பிடுக. தனிச் சிறுகோடு விசைப்பலகை முதலியவற்றால் வரும் உள்ளீட்டைக் குறிக்கும். ஏனையவை கோப்புகள்.

அட்டவணையில் இல்லாத தெரிவு, மதிப்பு வாராமை, வேண்டாத மதிப்பு வருதல், தகுதியில்லா மதிப்பு ஆகிய நான்கும் பிழைகள். இவற்றுள் எது நேரினும், எச்சொல்லில் பிழை என்பதைச் சுட்டி, சுழியல்லாத எண்ணை ஈட்டி நிரல் நிற்றல் வேண்டும். கோப்பு ஒன்றையும் அதற்கு முன் திறத்தலாகாது. சொற்செயலிகள் இரு சிறுகோடுகளை ஒரு நெடுங்கோடாக மாற்றிவிடுதல் உண்டு. அங்கிருந்து படியெடுத்த வரி கோப்புப் பெயராகப் பிறழ உணரப்படும் ஆதலின், நெடுங்கோட்டில் தொடங்கும் சொல்லையும் ஐயுற்று எச்சரித்தல் நன்று.

பகுப்பியின் கடமைக்கு எல்லை உண்டு. '-ஈ ஊர்' எனக் கட்டளையிட்டால், 'ஊர்' என்னும் மதிப்பைச் சிதையாது ஒப்படைத்தலே அதன் பணி. 'கூடலூர்' என்பதில் ஊகாரம் லகர மெய்யோடு புணர்ந்து 'லூ' ஆயிற்று என்பதை உணர்ந்து, அவ்வீற்றைக் கண்டெடுத்தல் 'ஊரடைவு' நிரலின் பணி. இரண்டையும் கலத்தல் பிழைக்கு வாயிலாகும்.

ஆங்கிலத் தெரிவுகளே போதுமென்று அமைவார்க்கு இத்துணை உழைப்பு வேண்டா. தமிழில் கட்டளையிட விழைவாரோ, எழுத்து எது என்னும் வினாவைப் பொறியின் பைட்டுக்கும் குறியெண்ணுக்கும் விட்டுவிடாது, இலக்கணத்தைக் கொண்டு தாமே துணிதல் வேண்டும். அத்துணிபு நிரலின் தொடக்கத்திலேயே இடம்பெறின், அடைவின் எண்ணிக்கை நம்பத்தக்கதாகும். அதன்மேல் எழும் ஆய்வும் நிலைபெறும்.