இருதய அறுவை சிகிச்சைக்குப் பின் பேரப்பிள்ளை வீடு திரும்பும்போது

தாத்தா பாட்டிகளுக்கு ஒரு விளக்கம்



விடியற்காலையில் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, தோட்டத்து வீட்டில் பிள்ளையோடு இருப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். பால் கலக்குவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளை இருதய அறுவை சிகிச்சை முடிந்து வந்த பிள்ளையாக இருந்தால், டாக்டர் தாயிடம் சொல்லி அனுப்பிய விவரங்கள் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிகிச்சையை டாக்டர்கள் செய்து முடித்துவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் செய்ய வேண்டியது வீட்டில் இருப்பவர்களின் வேலை. அதை எப்படிச் செய்வது என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

இது யாருடைய குற்றமும் அல்ல

பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு இருதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. எல்லா நாட்டிலும், எல்லா இனத்திலும் இது உண்டு. இருதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் முழுதாக மூடாமல் போனால், அதைத்தான் நாம் ‘இருதயத்தில் ஓட்டை’ என்கிறோம். அந்த வழியாக இரத்தம் தவறான பக்கம் பாய்ந்து நுரையீரலில் அதிகமாகச் சேரும். அதனால்தான் சில குழந்தைகள் பால் குடிக்கும்போதே வேர்த்துக் களைத்துப் போகிறார்கள், வேகமாக மூச்சு வாங்குகிறார்கள், எடை கூடாமல் இருக்கிறார்கள். வேறு சில குறைகளில் உதடும் நகமும் நீலமாகும்.

தாய் கிரகண நேரத்தில் வெளியே போனதாலோ, கர்ப்ப காலத்தில் வேலை செய்ததாலோ, யாருடைய கண் பட்டதாலோ இது வருவதில்லை. தாய்க்குக் கட்டுப்படாத நீரிழிவு, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா தொற்று, டவுன் சிண்ட்ரோம் போன்ற மரபணுக் குறைகள் ஆகியவை சில பிள்ளைகளுக்குக் காரணமாக இருக்கலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே ‘நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே’ என்று மருமகளிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே பல இரவுகள் கேட்டிருப்பாள்.

உங்கள் பயத்துக்கும் காரணம் உண்டு. உங்கள் சின்ன வயதில், நீலம் பாய்ந்த பிள்ளை பிழைக்காது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு முதன்முதலாக உதவும் அறுவை சிகிச்சை செய்தது 1944-ஆம் ஆண்டில்தான். இருதய வேலையையும் நுரையீரல் வேலையையும் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும் இயந்திரம் மனிதருக்கு முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்பட்டது 1953-இல். நம் நாட்டில் தேசிய இருதயக் கழகம் 1992-இல் கோலாலம்பூரில் தொடங்கியது. அன்று கேள்விப்பட்டதை வைத்து இன்றைய பிள்ளையின் வாழ்வை எடைபோட வேண்டாம்.

மருத்துவமனையில் பெற்றோர் பார்ப்பது என்ன?

நெகிரி செம்பிலானில் உள்ள பிள்ளைகளைப் பெரும்பாலும் முதலில் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பார்ப்பார்கள். பிறகு தேவைக்கேற்பக் கோலாலம்பூருக்கோ செர்டாங்குக்கோ அனுப்புவார்கள். எல்லா ஓட்டைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. சில சிறிய ஓட்டைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். சிலவற்றைத் தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாகச் சிறு குழாயைச் செலுத்தி அடைத்துவிடுவார்கள். மற்றவற்றுக்கு நெஞ்சு எலும்பைத் திறந்து, இயந்திரத்தின் துணையோடு இருதயத்தை நிறுத்தி, ஓட்டையில் ஒட்டுப் போட்டுத் தைப்பார்கள். இது பல மணி நேரம் ஆகும்.

சிகிச்சைக்குப் பிறகு பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும். வாயில் மூச்சுக் குழாய், நெஞ்சிலிருந்து நீரும் இரத்தமும் வடியக் குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், கையிலும் கழுத்திலும் மருந்து ஏற்றும் ஊசி என்று இருக்கும். முகம் வீங்கியிருக்கலாம். இதைக் கைபேசியில் படமாகப் பார்த்தால் உங்களுக்கு நெஞ்சு பதறும். இந்தக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும். வீக்கமும் வடியும். மூச்சுக் குழாய் எடுத்த பிறகு சில நாட்கள் பிள்ளையின் அழுகுரல் கம்மியிருக்கும். அதுவும் பொதுவாகச் சரியாகிவிடும்.

அந்த நாட்களில் தாய் சரியாகச் சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள். நீங்கள் கூப்பிட்டால் எடுக்காமலும் இருக்கலாம். அவளிடம் நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி கேட்பதைவிட, வீட்டில் உள்ள மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வைப்பது பெரிய உதவி. செலவைப் பற்றிய கவலை இருந்தால், மருத்துவமனையிலுள்ள மருத்துவ சமூகநல அதிகாரியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

முதல் ஆறு வாரம்

திறந்து மூடிய நெஞ்சு எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதுவரை பிள்ளையின் அக்குளில் கை கொடுத்தோ, இரு கைகளையும் பிடித்து இழுத்தோ தூக்காதீர்கள். ஒரு கையைத் தலைக்கும் தோளுக்கும் அடியிலும், மற்றொரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் கொடுத்து, அள்ளி எடுங்கள். ஓடித் திரியும் வயதுப் பிள்ளையாக இருந்தால், மரம் ஏறுவது, சைக்கிள் ஓட்டுவது, அண்ணனோடு மல்லுக்கட்டுவது இந்த ஆறு வாரத்துக்கு வேண்டாம். சேலைத் தொட்டிலில் போடலாமா என்பதை, வீடு திரும்பும் முன் தாதியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

பிள்ளை இரவில் வீறிட்டு அழும்போது ‘உரம் விழுந்திருக்கும்’ என்று தோன்றலாம். உரம் எடுப்பதற்காகப் பிள்ளையைத் துணியில் போட்டு உருட்டுவதோ குலுக்குவதோ கூடவே கூடாது. கூடிக்கொண்டிருக்கும் எலும்புக்கு அது ஆபத்து. மார்பில் எண்ணெய் தேய்த்து நீவுவதும் கூடாது.

காயத்தைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயத்தின் மேல் மஞ்சள், திருநீறு, தேங்காய் எண்ணெய், பவுடர் எதையும் பூசாதீர்கள். கைவைத்தியத்தில் உங்களுக்கு அனுபவம் இருக்கலாம். ஆனால் இந்தக் காயத்துக்குக் கீழே இருப்பது இருதயம். மேலே சேரும் கிருமி உள்ளே போனால் பிள்ளை மறுபடியும் மருத்துவமனைக்குப் போக நேரிடும். தாதி காட்டிக் கொடுத்த முறையில் மட்டும் சுத்தம் செய்து, ஈரம் நிற்காமல் மெதுவாக ஒற்றி எடுங்கள். காயம் முழுதாக ஆறும்வரை தொட்டியில் உட்கார வைத்துக் குளிப்பாட்ட வேண்டாம்.

வீட்டுக்குள் யாரும் சிகரெட், பீடி பிடிக்கக் கூடாது. குப்பை எரிக்கும் புகையும் கொசுவத்திப் புகையும் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது. உங்களுக்கே சளி, இருமல் இருந்தால் முகக்கவசம் அணியுங்கள். முடிந்தால் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மருந்து

மருந்தைக் கரண்டியால் அளக்காதீர்கள். மருத்துவமனை கொடுத்த அளவுக் குழாயால் மட்டும் அளந்து கொடுங்கள். சின்ன உடம்புக்கு அரைக் கரண்டி கூடுவதும் பெரிய தவறு. பல பிள்ளைகளுக்கு நீர் இறங்கும் மருந்து கொடுப்பார்கள். அதனால் பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழிக்கும். ‘பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தான். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். குடித்த மருந்தை வாந்தி எடுத்தால், மருத்துவமனையைக் கேட்காமல் மறுபடியும் கொடுக்காதீர்கள்.

உரைமருந்து, கஷாயம், ஜாமு போன்றவற்றை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். செயற்கை வால்வு பொருத்திய பிள்ளைகளுக்கு, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுப்பது உண்டு. சில மூலிகைகள் அந்த மருந்தின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அதனால் இரத்தப்போக்கு ஏற்படலாம் அல்லது வால்வில் இரத்தக் கட்டி உருவாகலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால், மகனோ மருமகளோ வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்:

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல். காயம் சிவந்து வீங்குவது, சீழ் வடிவது, பிளப்பது. பால் குடிப்பது வழக்கத்தைவிட வெகுவாகக் குறைவது. தொடர்ந்து வாந்தி. முகம் அல்லது கால் வீங்குவது. பால் குடிக்கும்போது மறுபடியும் வேர்ப்பது. வழக்கத்தைவிடச் சிறுநீர் குறைவது.

உதடு நீலமாவது, மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுவது, மயக்கம், எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவை இருந்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.

நம் தோட்டங்களில் ஒரு சிக்கல் உண்டு. ஆம்புலன்ஸ் பெரிய சாலைவரை வந்துவிடும். பிறகு செம்பனைக்கு நடுவே எந்த மண்பாதையில் திரும்புவது என்று தெரியாமல் நிற்கும். ஆகவே தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண், அருகில் உள்ள பள்ளி அல்லது கோயில் ஆகியவற்றை இன்றே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அழைத்த பிறகு ஒருவரைத் தோட்டத்து நுழைவாயிலுக்கு அனுப்புங்கள். பிள்ளையின் மருத்துவமனைக் கார்டு, மருந்துகள், பிறப்புப் பத்திரம் மூன்றும் ஒரே பையில் எப்போதும் இருக்கட்டும்.

வேண்டுதலும் காதுகுத்தும்

பிள்ளை பிழைத்து வந்தால் மொட்டை போடுவதாக, காவடி எடுப்பதாக வேண்டியிருப்பீர்கள். வேண்டுதலைக் கைவிட வேண்டியதில்லை, கொஞ்சம் தள்ளிப் போட்டால் போதும். காயம் ஆறும்வரை பத்துமலை போன்ற கூட்ட நெரிசலுக்குப் பிள்ளையைக் கொண்டு போக வேண்டாம். காதுகுத்துக்கு முன் டாக்டரின் அனுமதி கட்டாயம் வேண்டும். தோலில் போடும் துளை வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்து, ஒட்டுப் போட்ட இடத்தில் தங்கிவிடலாம்.

பல் சொத்தையும் இப்படித்தான். ஈறு வழியாகப் போகும் கிருமி இருதயத்தின் உட்சுவரைத் தாக்கக் கூடும். காலையும் இரவும் பல் துலக்கிவிடுங்கள். பால் புட்டியோடு தூங்க விடாதீர்கள். பல் மருத்துவரிடம் போகும்போது, ‘இருதய ஆபரேஷன் செய்த பிள்ளை’ என்று முதலில் சொல்லுங்கள். தடுப்பூசிக்குக் கிளினிக் போகும்போதும் இதையே சொல்லுங்கள். சிகிச்சையின்போது இரத்தம் ஏற்றியிருந்தால், தட்டம்மை ஊசி போன்ற சிலவற்றின் தேதியை மாற்ற வேண்டியிருக்கும்.

பயம் வேண்டாம், பாசம் போதும்

மருத்துவமனையிலிருந்து வந்த பிள்ளை சில வாரங்கள் மாறிப் போனதுபோல் இருக்கும். இரவில் அலறும், படுக்கையை நனைக்கும், இடுப்பை விட்டு இறங்காது, வெள்ளைச் சட்டை போட்டவரைக் கண்டால் கத்தும். இது பிடிவாதம் அல்ல. பட்ட வலியின் நினைவு. திட்டாமல், மிரட்டாமல், பழையபடி அதே நேரத்தில் சோறு, அதே நேரத்தில் தூக்கம் என்று நடத்துங்கள். தானாகத் தேறும்.

ஆறு வாரமும் கடந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, பிள்ளையை ஓடவிடுங்கள். ‘ஓடாதே, இருதயக்காரப் பிள்ளை’ என்று எட்டு வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தால், குணமான பிள்ளையை நாமே நோயாளியாக்கிவிடுவோம். களைத்தால் பிள்ளை தானே உட்கார்ந்துகொள்ளும். சில குறைகளுக்கு மட்டும் விளையாட்டில் கட்டுப்பாடு உண்டு. அது உங்கள் பிள்ளைக்கு உண்டா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

பெண் பிள்ளையாக இருந்தால், ‘நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது மார்பில் தழும்பு தெரியுமே’ என்று சிலர் கலங்குகிறார்கள். அதனால் தழும்பை மறைக்கிறார்கள், பரிசோதனைக்கும் போகாமல் விட்டுவிடுகிறார்கள். ஆபத்து தழும்பில் இல்லை, பரிசோதனையை விடுவதில்தான் இருக்கிறது. சிகிச்சை நன்றாக முடிந்த பல பெண்கள் திருமணம் செய்து, பிள்ளை பெற்று நலமாக வாழ்கிறார்கள். ஆனால் கர்ப்பம் தரிக்கும் முன் இருதய டாக்டரைப் பார்க்க வேண்டும். அதற்குத் தனக்கு என்ன சிகிச்சை நடந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறைத்து வளர்த்தால் அது அவளுக்குத் தெரியாமலே போய்விடும்.

சந்திப்புத் தேதியைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். பிள்ளை நன்றாக ஓடி ஆடினாலும் அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். ஒருநாள் அவன் அல்லது அவள் கண்ணாடி முன் நின்று, ‘பாட்டி, இது என்ன கோடு?’ என்று கேட்கும். அப்போது மறைக்காமல் சொல்லுங்கள்: ‘உனக்கு இருதயத்தில் ஓட்டை இருந்தது. டாக்டர் தைத்துச் சரி பண்ணிவிட்டார். நாங்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்தோம்.’

இந்தக் கையேட்டில் புரியாதது எதுவும் இருந்தால், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் தாதியிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். மலாய் பேசத் தயங்கினால், தமிழ் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதில் குறைவு எதுவும் இல்லை.